மூன்று தட்டில் ஒரே மெட்டு

குற்றாலத்துச் சாரல் ஜன்னல் கம்பிகளில் துளித்துளியாகத் தொங்குகிறது. கொழும்பிலிருந்து சீசனுக்கு வந்திருக்கும் டாக்டர் கிராமபோனுக்குச் சாவி கொடுத்து மூன்றாவது தட்டை வைக்கிறார். முதல் தட்டில் வெள்ளைக்காரி ஒருத்தி பாடினாள். இரண்டாவதில் வெறும் பேண்டு வாத்தியம். இதுதான் மூலம், பிரேசில் தேசத்துப் பாட்டு என்கிறார் டாக்டர். மூன்றிலும் ஒரே மெட்டு. நேற்றுத் தென்காசியில் தன் மகள் கல்யாணத்தில், "என் தம்பி சொந்தமாப் போட்ட மெட்டு" என்று காந்திமதிநாத பிள்ளை எழுந்து நின்று சொன்ன அதே மெட்டு. நாடகக் கம்பெனியில் பாட்டு வாத்தியாராக இருக்கும் அந்தத் தம்பி குத்தாலிங்கம் இப்போது மழையையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

புதுச் சம்பந்தி சிரித்துச் சமாளிக்கிறார். "விடுங்க அண்ணாச்சி, நம்ம குத்தாலிங்கம் மெட்டு கப்பலேறி அங்கன போயிருக்கும்லா!"

அந்தத் தயவுதான் பிள்ளைக்குச் சுடுகிறது. தலையாட்டினால் போதும், மானம் தப்பிவிடும். அவர் விறைப்பாகவே உட்கார்ந்திருக்கிறார். காதுமடல் மட்டும் சிவக்கிறது. தட்டு முடிந்து ஊசி கரகரக்கிறது.

"இல்ல சம்பந்தி. அங்கன உள்ளதைத்தான் இவன் எடுத்திருக்கான். டாக்டர், போட்டவன் பேரைச் சொல்லுங்க. நாலு பேர் முன்னால நான் மாத்திச் சொல்லணும்."

டாக்டர் தட்டை எடுத்து நடுவில் ஒட்டிய தாளில் இருக்கும் பெயரை வாசிக்கிறார். பிள்ளை உதடசைத்துச் சொல்லிப் பார்க்கிறார். வாயில் நுழையவில்லை. "இன்னொருக்கச் சொல்லுங்க" என்கிறார்.