அறுந்த செவி

"ஸம்றா, உன்ட மாப்பிளைட்ட கேளு, பேக்குக்குள்ள கிடக்கிற அந்தப் போத்தல் என்னத்துக்கு எண்டு!"

அறைத் திரைக்குப் பின்னாலிருந்து ஆயிஷா உம்மா குரல் கொடுத்தாள். மாமி மருமகன் முன்னால் வருவதுமில்லை, நேரே கதைப்பதுமில்லை. கல்முனை வழக்கம் அது. எதுவானாலும் மகளைக் கூப்பிட்டுத்தான்.

திரைக்கு வெளியே இருந்த மருமகன் காலிதீன் நிமிர்ந்தான். பல்கலைக்கழகக் கம்பஸில் ஆராய்ச்சி செய்பவன்.

"மாமிட்ட சொல்லு, ஸம்றா. அது நொதியை அடக்கிற மருந்து. ஆய்வுக்கு."

"அதையா எனக்குக் குளிசை எண்டு தாறாரு?"

சிக்குன்குனியா வந்து போனதிலிருந்து ஆயிஷா உம்மாவுக்கு முழங்கால் வீக்கம் இறங்கவேயில்லை. மருமகன் வாங்கி வந்த குளிசை கைக்குள் இருந்தது. விழுங்க மனம் வரவில்லை. "படிச்ச மாப்பிள உன்ட வீட்டைக் கட்டிப் புடிச்சிக்கிட்டுக் கிடக்கிறது சும்மாவா?" என்று பக்கத்து வீட்டுக்காரி ஓதியது காதை விட்டுப் போகவில்லை. யுத்தம் முடிந்து, பேக்கைக் கிளறிப் பார்த்த சோதனைச் சாவடிகளை எடுத்ததே பிழை. அவை இருந்தால் இந்தப் போத்தல் வீடு வந்து சேருமா?

"குளிசை டொக்டர் தந்தது. போத்தல் மருந்தைக் குடுத்தா வீக்கம் கூடினாலும் கூடும்."

"எப்பிடியாம்?"

"உடம்பைக் கட்டியிருக்கிற கண்ணுக்குத் தெரியாத கலங்கள்ல செவி மாதிரி ஏற்பிகள் இருக்கு, ஸம்றா. ஒரு புரதம் வந்து 'வீங்கு' எண்டா அந்தச் செவி கேக்கும், கலம் கொதிக்கும். நொதி எண்டது செவியை நறுக்கிற கத்தரிக்கோல். அதைக் கட்டிப்போட்டா எல்லாச் செவியும் நிண்டு கேக்கும்."

ஆயிஷா உம்மா யோசித்தாள்.

"வெட்டின செவி செத்துப்போகுமா, கேளு மகள்."

காலிதீன் நடுவில் கிடந்த நாற்காலியைப் பார்த்துச் சொன்னான்.

"இல்ல. அது ரத்தத்தில மிதந்து திரிஞ்சு, கெட்ட சொல்லை எல்லாம் தானே வாங்கிக்கொள்ளும். கலத்துக்குப் போகவிடாது."

திரைக்குப் பின்னால் தண்ணீர்க் கோப்பையை வைக்கும் சத்தம் கேட்டது.

"குளிசையைக் குடிச்சிட்டன் எண்டு சொல்லு, மகள்."

"ஓம் ஸம்றா, மாமியைப் படுக்கச் சொல்லு."

இருவருக்கும் நடுவே வெறும் நாற்காலிதான் கிடந்தது. சுனாமி ஸம்றாவைக் கொண்டுபோய் ஐந்தாவது வருஷம் நடக்கிறது. இன்னும் அவள்தான் இருவர் சொல்லின் சூட்டையும் வாங்கிக்கொண்டிருந்தாள்.