திட்டு விழாத தண்ணீர்

2024 மே 12, அனுமந்தன்பட்டி. விஜயபாண்டி வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் லிட்டருக்கு 1,180 மில்லிகிராம் உப்பு இருந்தது.

"இந்தத் தண்ணியக் குடிச்சுக் குடிச்சுத்தான்யா இந்தப் பக்கத்து ஆளுகளுக்கு மூளையில உப்பு படிஞ்சு கெடக்கு. நான் மூணு வருசம் எர்ணாகுளத்துல இருந்ததுனால தப்பிச்சேன்" என்றான் விஜயபாண்டி. மின்சாரம் போய் ஏசி நின்ற எரிச்சல் அவன் முகத்தில் இருந்தது.

ஜெபராஜ் உத்தமபாளையத்தில் தண்ணீர் சுத்திகரிப்புச் சாமான்கள் விற்பவர். இந்த மாதிரிப் பேச்சைக் கேட்டுக்கொண்டே வியாபாரம் செய்யப் பழகியவர். கொண்டுவந்த இரண்டு பைகளையும் தரையில் இறக்கினார். இரண்டிலும் ரெசின், கடுகு போன்ற பொடி மணிகள்.

எர்ணாகுளத்தில் கண்ணாடி கழுவும் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, ஒரு நீளக் கம்புப் பிரஷ்ஷோடு ஊர் திரும்பியவன் விஜயபாண்டி. கம்பு வழியாகத் தண்ணீர் மேலே ஏறும். தேய்த்துவிட்டால் போதும், துணியே வேண்டாம், கண்ணாடி தானாகக் காயும். ஆனால் தண்ணீரில் உப்பு இருந்தால் காய்ந்த இடமெல்லாம் வெள்ளைத் திட்டு விழும். அந்த உப்பை இழுத்துக்கொள்ளத்தான் ரெசின்.

ஏணி போட்டு ஏறி, பழைய பேப்பரால் கண்ணாடி துடைக்கிற இந்தப் பள்ளத்தாக்கு முழுவதுமே அவனுக்கு இளக்காரம்.

மறுநாள் உத்தமபாளையத்தில் கோட்டைச்சாமியின் புது நகைக்கடைத் திறப்பு விழா. மூன்று மாடி உயரத்துக்குக் கண்ணாடி முகப்பு. திட்டு இல்லாமல் கழுவிக் கொடுத்தால், தேனி வரைக்கும் அவருக்கு இருக்கும் கட்டடங்கள் எல்லாம் வருசம் பூராவும் விஜயபாண்டிக்குத்தான். ஒரு திட்டு தெரிந்தாலும் மதுரைக் கம்பெனியைக் கூப்பிட்டுவிடுவேன் என்று சொல்லியிருந்தார்.

"இது கண்ணாடிக்குன்னே வர்றதுண்ணே." ஜெபராஜ் ஒரு பையைத் தொட்டார். "பேட்டரிக்கு ஊத்துற தண்ணி கணக்கா, உப்பே இல்லாம வரும். வெலை ஜாஸ்தி. அந்தப் பை, உப்புத் தண்ணியில சோப்பு நொரைக்க வைக்கிறதுக்கு. உப்பு கொறையாது, கண்ணாடிக்கு ஆகாது."

"அத நான் சொல்லணும்யா. வெலை கம்மியான சரக்க நல்லதுன்னு எந்த யாவாரி சொல்லியிருக்கான்? ரெண்டையும் ஓட்டிக் காட்டு."

மேல் தொட்டி காலி. மின்சாரம் இல்லாமல் மோட்டார் ஓடாது. இன்வெர்ட்டர் புண்ணியத்தில் மின்விசிறி மட்டும் சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தது. புறவாசலில் ஒரு வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. அதன்மேல் எவர்சில்வர் தட்டு போட்டு மூடியிருந்தது.

"எம் பொண்டாட்டி வேலை" என்று வாளியைத் தூக்கி வந்தான். "காலிப் பாத்திரத்தக் கண்டா அவளுக்குக் கை சும்மா இருக்காது. பேரு மகாலட்சுமி, சேத்து வைக்கிறது பூராம் ஓட்ட டப்பா." அவள் கோம்பையில் தங்கச்சி வளைகாப்புக்குப் போயிருந்தாள்.

ஜெபராஜ் உப்பளக்கும் மீட்டரை எடுத்தார். "மொதல்ல வாளித் தண்ணிய அளந்துக்குவோம்ணே. உள்ள போறது எம்புட்டுன்னு தெரியணும்ல."

"எங்க வீட்டு போர் தண்ணிய எனக்கே அளந்து காட்டப் போறியா? ஆயிரத்து நூத்தியெம்பது. காலையிலதான் பாத்தேன். ஊத்துய்யா!"

இரண்டு குழாய்களில் ரெசினை நிரப்பி, வாளித் தண்ணீரைப் பாதிப் பாதியாக ஊற்றினார்கள். விலை கூடிய ரெசின் வழியாக வந்த தண்ணீரில் மீட்டர் சைபர் காட்டியது. மற்றதில் ஆறு. பத்துக்குள் இருந்தால் கண்ணாடியில் திட்டு விழாது என்பது அந்தத் தொழிலின் கணக்கு.

ஜெபராஜ் மீட்டரைத் தட்டிவிட்டுத் திரும்ப முக்கினார். மறுபடியும் ஆறு.

"இப்பிடி வராதேண்ணே..."

"வந்துருச்சுல்ல? சைபருக்கும் ஆறுக்கும் உள்ள வித்தியாசத்த, தோடு வாங்க வர்றவ பூதக்கண்ணாடி வச்சா பாக்கப் போறா? எந் தலையிலயே மொளகா அரைக்கப் பாத்தியா? அந்த ஒசத்திப் பையத் தூக்கிட்டு எடத்தக் காலி பண்ணு."

சாயங்காலம் மின்சாரம் வந்ததும் மோட்டாரைப் போட்டு, மலிவு ரெசின் வழியாகத் தண்ணீரைப் பிடித்து வண்டித் தொட்டியை நிரப்பிக்கொண்டான். இன்னொரு தடவை அளந்து பார்ப்பது, ஜெபராஜ் மாதிரி ஆட்கள் செய்கிற வேலை.

திங்கட்கிழமை விடியுமுன்னே கழுவி முடித்தான். வெயில் ஏற ஏற, மூன்று மாடிக் கண்ணாடியிலும் வெள்ளைத் திட்டுகள் எழும்பி வந்தன. நாயனக்காரர்கள்கூட வாசிப்பை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள்.

"ஏப்பா எர்ணாகுளம், கண்ணாடிக்கு அம்மை போட்டுருக்கா?" என்றார் கோட்டைச்சாமி. அவன் வாயைத் திறப்பதற்குள், அங்கேயே நின்று மதுரைக்குப் போன் போட்டார்.

மத்தியானம் ஜெபராஜை வீட்டுக்கு வரவழைத்து, சட்டையைப் பிடிக்காத குறையாக நின்றான் விஜயபாண்டி.

"களவாணிப் பயலே, நேத்து ஆறு காட்டுச்சே, எப்பிடிடா?"

"அதான் எனக்கும் வெளங்கலண்ணே. எங் கண்ணாலதான பாத்தேன்."

"மீட்டர்ல ஏதோ தில்லுமுல்லு பண்ணியிருக்க. உப்பு விக்க வேண்டிய பயலுக்கு எதுக்குய்யா ரெசின் யாவாரம்?"

கோம்பையிலிருந்து அப்போதுதான் திரும்பிய மகாலட்சுமி, இருவரையும் தாண்டிப் புறவாசலுக்குப் போனாள். காலி வாளியைக் கையில் பிடித்தபடி திரும்பி வந்தாள்.

"இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊத்த ஏசித் தண்ணி புடிச்சு வச்சிருந்தேனே, யாரு கொட்டுனாக?"