சாம்பல்காரன் சாகும் பக்கம்

பெடலிலிருந்து அவள் காலை எடுத்துவிட்டாள். தையல் மிஷின் நின்றது.

சாம்பல்காரன் வந்துவிட்டான்.

ராஜா செத்தபோது நிற்காத மிஷின் அது. ராட்சசப் பறவை கோட்டையையே தூக்கிக்கொண்டு போனபோதும் கடகடவென்று ஓடியது. அரண்மனை அடுப்புகளில் சாம்பல் அள்ளும் ஒருவன் கதவைத் தட்டினால் மட்டும் நின்றுவிடும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் படித்தேன்.

நான் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவன். ஒருமுறை இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, இருட்டில், கம்பியைப் பிடித்தபடி மத்தியானம் முழுக்கத் தொங்கிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது என் மனைவி ஒரு திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். "அய்யய்யோ" என்றாள். கால் நிற்கவில்லை.

நாளெல்லாம் ஊசியைப் பார்த்து அலுத்த கண்ணுக்கு எழுத்து வேறு எதற்கு என்பாள். அதனால் சாயங்காலத்தில் அவள் தைப்பாள், நான் உரக்கப் படிப்பேன். நூலகத்திலிருந்து எடுத்து வரும் மாயாஜாலத் தொடர். ஒன்பது பாகம், ஒவ்வொன்றும் செங்கல் கனம். முதல் இரண்டும் பிரமாதம். மூன்றாவது ஒரே இழுவை. நான்காவதை ஒரு போர் வந்து காப்பாற்றியது. ஐந்தாவதில் யார் யாருக்குச் சித்தப்பா, எந்தச் சித்தப்பாவுக்கு எந்தக் கோட்டை என்று பக்கம் பக்கமாகப் போகிறது. எழுதியவனுக்கே தலை சுற்றியிருக்கும்.

இந்த வறட்சியில் அவள் காத்துக்கிடப்பது சாம்பல்காரனுக்காக.

அப்படி என்ன கிழித்துவிட்டான்? கத்தி பிடிக்கத் தெரியாது. மந்திரம் ஒன்றும் வராது. கை சுட்டுக்கொண்ட சலவைக்காரியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, வலிக்கிறதா என்று கேட்பான். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை எழுந்து போகமாட்டான். அதில்தான் இவள் விழுந்தாள். அவன் வரும் இடங்களில் என் குரல்கூட இதமாகிவிடுகிறதாம். "அவனைப் பாத்துக் கத்துக்குங்க" என்று நூலைப் பல்லால் கடித்து அறுப்பாள்.

பொறாமைதான். வேறென்ன சொல்ல? கதையில் வரும் ஒருவனிடம் போய்ப் பொறாமையா என்று நீங்கள் சிரிக்கலாம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒருநாளாவது அவள் என்னை அப்படி நிமிர்ந்து பார்த்திருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன்.

இன்று ஐந்தாம் பாகம் முடிகிறது. ஆறாம் பாகம் என் மடியில் கிடந்தது.

"ஏங்க, அடுத்ததுல அவன் வருவானா? வருவான்னா படிங்க. இல்லேன்னா இத்தோட விட்டுடலாம். அந்தச் சித்தப்பனுங்க யாரும் எனக்கு வேணாம்."

விட்டுடலாம் என்றதும் என் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அடுத்த நொடியே உறைத்தது. விட்டுவிட்டால் சாயங்காலங்களில் என்ன செய்வது? அவள் தைப்பாள், நான் எதிரே உட்கார்ந்து சுவரைப் பார்ப்பேன். எங்களுக்குள் பேச்சு என்று நடப்பதே இந்தத் தொடரைப் பற்றித்தான்.

ஆனால் ஆத்திரம் யாரை யோசிக்க விட்டது?

கடைசிப் பக்கத்தில் கண்ணை வைத்து, குரலை இறக்கிக்கொண்டேன். சாம்பல்காரன் பாலத்தில் நடந்தான். எங்கிருந்தோ ஓர் அம்பு வந்தது. முதுகில் வாங்கிக்கொண்டு ஆற்றில் விழுந்தான். முற்றும் என்று சொல்லிப் புத்தகத்தை மூடினேன்.

ஒழிந்தான்.

அவள் தைத்துக்கொண்டிருந்த சட்டைக் கையை மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள். கண் கலங்கியிருந்தது. பிறகு எழுந்து மிஷினுக்கு உறை போட்டாள். பாதித் துணி மிச்சமிருக்கும்போது அவள் உறை போட்டு நான் பார்த்ததே இல்லை.

எனக்குத் தாங்கவில்லை. இரு இரு என்று ஆறாம் பாகத்தை அவசரமாகத் திறந்தேன்.

முதல் பக்கத்தில் ஒரு சித்தப்பா கிணறு வெட்டிக்கொண்டிருந்தார். அடுத்த பக்கத்திலும் அவரேதான் வெட்டிக்கொண்டிருந்தார்.

சாம்பல்காரன் அதில் இல்லை. இருக்கவும் மாட்டான். இதுவரை படித்த ஐந்து பாகங்களிலும் அவன் பெயர் ஓரிடத்தில்கூடக் கிடையாது. மூன்றாம் பாகத்தின் நடுவில் அவள் கொட்டாவி விட்டு, போதும் நிறுத்துங்க என்ற சாயங்காலம், நான் பயந்துபோய் வாய்க்கு வந்தபடி நுழைத்த ஆள் அவன். கை வலிக்கிறதா என்று அவளிடம் நேராகக் கேட்க எனக்கு வாய் வராது. அவனை விட்டுக் கேட்டேன்.

சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் சாம்பல்காரன் போய்விடுவான், நான் மட்டும்தான் மிஞ்சுவேன். அது அவளுக்குக் கட்டுப்படியாகாது.

கிணற்றின் மேல் கண்ணை வைத்துக்கொண்டே, அம்பு அவன் தோளில்தான் பட்டிருந்தது என்று படித்தேன். மீன்பிடிப்பவர்கள் அவனைக் கரையேற்றினார்கள். கண் திறந்ததும், என்னைத் தூக்கியதில் உங்களில் யாருக்கும் இடுப்பு பிடித்துக்கொள்ளவில்லையே என்று அவர்களைக் கேட்டான்.

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பும் அழுகையுமாக முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா, எழுதினவனுக்கே அவனைக் கொல்ல மனசு வரல. இப்படிப்பட்டவனை எந்த மகராசி கட்டிக்கிட்டாளோ, கொடுத்து வச்சவ."