பச்சை டப்பா

"ரெண்டு பேருக்குமே புதுசா ஒரு சொத்தைகூட இல்லைங்க. நான் சொன்ன சைலிட்டாலை விடாம போட்டுக் குடிச்சிருக்கீங்க, நல்லாத் தெரியுது!"

அரியலூர் பல் டாக்டர் ஹேமலதா இப்படிச் சொன்னதும் ராஜதுரை வாய்கொள்ளாமல் சிரித்தான். பக்கத்தில் நின்ற அவன் மனைவி சுமதிக்குத்தான் தலை நிமிரவில்லை.

போன வருஷம் இரண்டு பேருக்குமே கடைவாயில் சொத்தை. அடைத்துவிட்ட டாக்டர், "பல்லை நல்லா விளக்குங்க. காபிக்குச் சீனிய விட்டுட்டு இதைப் போட்டுக்குங்க. சீனி மாதிரியேதான் இருக்கும், இனிக்கும். ஆனா பல்லை அரிக்காது" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

செந்துறை பஸ்ஸில் உட்கார்ந்ததும் சுமதி மெல்ல ஆரம்பித்தாள்.

"டாக்டரம்மா என்னையும் சேத்துப் பாராட்டவும் எனக்குக் கூச்சமாப் போச்சுங்க."

"ஏன், உன் பல்லுக்கு என்ன கொறச்சல்?"

"நான் அதைத் தொட்டதே இல்லைங்க. வெலையக் கேட்டதும் மலைச்சுப் போயிட்டேன். நீங்கதான் இனிப்பு இல்லாட்டி ஒரு வாய் காபி குடிக்க மாட்டீங்களே! அதான் உங்க பச்சை டப்பாவுல மட்டும் அதைக் கொட்டி வச்சேன். என் டப்பாவுல வெறும் சீனிதான். ரெண்டும் ஒண்ணுதான்னு உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

காபியைக் கலந்து இறக்கியதும் அவரவர் டப்பாவிலிருந்து அவரவர் போட்டுக்கொள்வதுதான் அந்த வீட்டு வழக்கம்.

"தெரியும்" என்றான் ராஜதுரை.

"தெரியுமா?"

"பல்லுவலியில கன்னத்தைப் புடிச்சுக்கிட்டு நீ அழுததைப் பாத்தவன் நான். நீ ஒவ்வொரு தடவை கொட்டி வைக்கிறப்பவும் ரெண்டு டப்பாவுல இருக்கிறதையும் மாத்திருவேன். இவ்வளவு நாளா நீ குடிச்சதுதான் சைலிட்டால்."

சுமதிக்குக் கண் கலங்கியது. மறுகணமே பதறிப்போய் அவன் கையைப் பிடித்தாள்.

"அப்ப நீங்க குடிச்சது பூரா சீனியா? பின்ன எப்படிங்க உங்க பல்லு கெடாம இருக்கு?"

ராஜதுரை அவள் காதருகே குனிந்தான்.

"சீனிய நான் எங்க போட்டேன்? டப்பா குறையணுமேன்னு அப்பப்ப சீனி ஜாடியிலயே திருப்பிக் கொட்டிட்டு, நீ பாக்குறப்ப எல்லாம் கசப்புக் காபியில வெறும் ஸ்பூனை விட்டுக் கலக்கிக்கிட்டில்ல இருந்தேன்!"