பன்னிரண்டு மணிக்கு ஏழு பெயர்கள்

"ஊர் பேரு மட்டும் போதாது தம்பி. எந்தக் கட்டடம், எத்தனாவது மாடி, அது வேணும் எனக்கு."

புருல்கான் மேஜையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றாள். அத்பாஷியிலிருந்து கணவாய் தாண்டி வந்தவள். கோட்டுக் காலரில் பனி இன்னும் கரையவில்லை.

மிர்லானுக்குப் பழகிப்போன கோபம்தான் இது. பிஷ்கெக்கில் ஒரு இணைய நிறுவனத்தின் புகார்ப் பிரிவு என்றால் அவன் ஒருவன்தான். எந்த இணைய முகவரியிலிருந்து தாக்குதல் வருகிறது என்று தேடிப் பிடித்து, அந்த முகவரியை வைத்திருக்கும் கம்பெனிக்குப் புகார் அனுப்புவது அவன் உத்தியோகம். நூறு அனுப்பினால் ஒன்றுக்குப் பதில் வரும். அதுவும் 'கிடைத்தது, நன்றி' என்று வரும்.

"உக்காருங்க எஜே, முதல்ல டீ குடிங்க" என்றான். மூத்த பெண்களை அங்கே அக்கா என்பதற்கு அப்படித்தான் அழைப்பார்கள். அவள் மடியில் ஒரு துணிப்பை. அதிலிருந்த குருத் என்கிற காய்ந்த தயிர் உருண்டைகளின் உப்பு வாசனை அறை முழுக்க அடித்தது.

"இதெல்லாம் எதுக்குக் கொண்டுவந்தீங்க? நான் வாங்கற ஆள் இல்ல."

"உனக்குன்னு யார் சொன்னா?" என்று பையை இழுத்து அணைத்துக்கொண்டாள். "நீ யார் மகன்?"

"அசில்பெக் மகன்."

"அவரோட அப்பா?"

"ஜோல்டோஷ்."

"அதுக்கு மேல?"

"அதுக்கு மேல கம்ப்யூட்டரைத்தான் கேக்கணும்."

"ஏழு தலைமுறை அப்பன் பேரு சொல்லத் தெரியல. இதுல உத்தியோகம் வேற" என்று உச்சுக்கொட்டினாள். மிர்லான் சிரித்துக்கொண்டே பதிவைத் திறந்தான்.

அவள் பார்த்துக்கொள்ளும் பள்ளிக்கூடக் கணினியில் நாற்பது நாளாக ஒரே கூத்து. தினமும் மதியம் பன்னிரண்டுக்கு, கடல் தாண்டித் தெற்கே எங்கோ ஒரு முகவரியிலிருந்து எவனோ உள்ளே நுழையப் பார்க்கிறான். ஏழு பெயர்களைப் போட்டுப் பார்க்கிறான். எதுவும் சரியில்லை என்றதும் போய்விடுகிறான்.

"நம்மூர்ப் பேராப் பொறுக்கி வச்சிருக்கான், கெட்டிக்காரத் திருடன். இதுல உங்களுக்குத் தெரிஞ்சவங்க பேரு இருக்கா? கொஞ்சம் வாசிச்சுப் பாருங்க."

"என் வாயில வராது. நீயே வாசி."

கண்ணாடி கொண்டுவரவில்லை போலிருக்கிறது என்று நினைத்து அவனே வாசித்தான். "குபாத், இசாக், துர்தபாய், போரூபாய், மம்பெத், சோயூன், கார்ப்பிக். தினம் இதே வரிசைதான்."

"ஒரு நாள்கூடத் தவறல" என்றாள் அவள்.

"கம்ப்யூட்டரை அமைச்சுக் கொடுத்தது யாரு?"

"என் மகன். வெளிநாட்டு வேலைக்குப் போயிட்டான்."

"அவரையே கேட்டிருக்கலாமே."

"போன் எடுக்கறதில்ல."

"எல்லா வீட்டுலயும் அதே கதைதான் எஜே. எங்கம்மாவும் என்னைப் பத்தி அப்படித்தான் சொல்லிட்டுத் திரியறாங்க."

அவள் சிரிக்கவில்லை. "கட்டடம்" என்றாள் மறுபடியும்.

"அது எனக்கே தெரியாது. அந்தக் கம்பெனிக்காரன் சொல்லவும் மாட்டான். நீங்க பயப்படாதீங்க, ஆள் மட்டும் அகப்பட்டா அஞ்சு வருஷம் உள்ளதான்."

ஏதோ சொல்ல வாயெடுத்தவள் அப்படியே மூடிக்கொண்டாள்.

"கேஸ் எல்லாம் வேண்டாம் தம்பி. இடம் மட்டும் சொல்லிடு. போலீஸ்ல கேட்டாச்சு, அமைச்சகத்துல கேட்டாச்சு. எனக்குப் போக வேற இடமில்ல, உன் காலைப் பிடிக்கறேன்." சொன்னதோடு நிற்காமல் குனிந்தும்விட்டாள்.

மிர்லான் பதறிப்போய் அவளைத் தூக்கி நிறுத்தினான். அம்மா வயது. முகம் கழுவிக்கொண்டு வரச் சொல்லி வெளியே அனுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். பள்ளிக்கூடக் கணினிக்கு இவ்வளவு பாடுபடுகிற ஒருத்தியை அவன் பார்த்ததே இல்லை. புகாரை எடுத்து, தலைப்பில் 'மிக அவசரம், குழந்தைகள் படிக்கும் பள்ளி' என்று போட்டு, நாற்பது நாள் பதிவையும் இணைத்து அனுப்பினான்.

பத்தே நிமிடத்தில் பதில் வந்தது. அவன் சர்வீஸில் இப்படி நடந்ததில்லை.

புருல்கான் திரும்பி வந்தபோது பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம். மிர்லான் திரையை அவள் பக்கம் திருப்பி வைத்தான். பன்னிரண்டானது. பன்னிரண்டு ஐந்தும் ஆனது. திரையில் ஒரு வரிகூட வரவில்லை.

"பாத்தீங்களா எஜே? முகவரியையே மூடிட்டாங்க. உங்க பள்ளிக்கூடத்தை நோண்டறது யாருன்னு அந்த இடத்து முதலாளிக்கும் தகவல் கொடுத்தாச்சாம். ஆளைத் தானே கவனிச்சுக்கறேன்னு சொல்லிட்டானாம். இனிமே ஒரு தொல்லையும் வராது."

பை நழுவி விழுந்தது. குருத் உருண்டைகள் மேஜைக்கடியில் ஓடின. அவன் குனிந்து பொறுக்கப் போனான்.

புருல்கான் பழைய பதிவின் மேல் விரலை வைத்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மரியாதைக்காக அவள் வாயால் சொல்லாத பெயர்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

"குபாத், என் வீட்டுக்காரர். இசாக், என் மாமனார். துர்தபாய், அவரோட அப்பா..." ஏழாவது பெயரில் வந்து விரல் நின்றது.

"அடைச்சு வச்ச இடத்துலேருந்து உயிரோட இருக்கேன்னு என் மகன் தினமும் சொல்லிட்டிருந்தான் தம்பி."