தமிழாக்கம்

“மின்விசிறி ஒண்டு வேணும்” என்றார் கனகசிங்கம்.

“அது நம்மட கடையில இல்ல சேர். ஃபேன் எண்டா அம்பிட்டும் இரிக்கி” என்றான் நஸீர். ஒரு காலத்தில் அவரிடம் தமிழ் படித்தவன். அப்போது இந்தப் பகிடியை விட்டிருந்தால் வகுப்பில் வாங்கின் மேல் ஏறி நிற்க வேண்டியிருக்கும். இப்போது அவன் முதலாளி.

கனகசிங்கம் சிரிக்கவில்லை. ஓய்வு பெற்றும் ஓயாத தமிழாசிரியர். பஸ் கொண்டக்டரிடம்கூடப் பயணச்சீட்டுத்தான் கேட்பார். அவன் விழிப்பதில் அவருக்கு ஒரு திருப்தி.

மின்விசிறி அக்காவுக்கு. தாயில்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவள் சீதேவிப்பிள்ளை. தனக்கென்று ஒரு கலியாணம் அவள் பார்க்கவில்லை. தம்பி கலியாணம் முடித்து, ஊர் வழக்கப்படி பெண்வீட்டோடு களுவாஞ்சிக்குடிக்கு வந்துவிட்டார். அவள் மண்டூரில் தாய்வீட்டிலேயே இருந்தாள். இப்போது பாரிசவாதம். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறுகிறது. பக்கத்து வீட்டு ஆச்சிப்பிள்ளைதான் கஞ்சி பருக்கி, உடம்பு துடைத்துப் பார்க்கிறாள்.

கனகசிங்கம் ஞாயிறுதோறும் போவார். வெறுங்கையோடு போனதில்லை. சுடுநீர்க்குடுவை, சக்கர நாற்காலி, காற்று மெத்தை என்று ஏதாவது ஒன்று கூடப் போகும். வாசலோரக் கதிரையில் இருந்து சுகம் விசாரிப்பார். அவள் தலையாட்டுவாள். பிறகு இருவரும் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அவளாக எதையும் கேட்டதில்லை. போன ஞாயிறுதான் கேட்டாள்.

கச்சான் காற்று அனலாய் அடித்த பகல். இடக்கையைப் பாடுபட்டுத் தூக்கி மேலே காட்டி, மின்விசிறி பார்க்க வேண்டும் தம்பி என்று இரண்டு முறை சொன்னாள். அவள் வாயில் அது ஆங்கிலமாகத்தான் வந்தது. காதில் விழுந்த உடனேயே அவர் அதைத் தமிழாக்கிக்கொண்டார். அண்ணாந்து பார்த்தார். வெறும் முகடு. இத்தனை நாளும் இது நமக்குத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

“பாக்கிறன் அக்கா” என்று சொல்லிவிட்டு, அப்போதே எழும்பி வந்துவிட்டார்.

வீட்டில் மனைவிக்கு இது பிடிக்கவில்லை. பாயும் படுக்கையுமாய்க் கிடக்கிற ஆளுக்கு இப்போது என்ன புதுசாய் ஆசை என்று கேட்டாள். ஆயுளில் அக்கா வாய் திறந்து கேட்டது இது ஒன்றுதான், அதையும் செய்யாவிட்டால் நான் மனிசனில்லை என்று சொல்லிவிட்டுத்தான் கடைக்கு வந்திருந்தார்.

நஸீர் ஒவ்வொன்றாய்ச் சுழலவிட்டான். தங்கநிறத்தில் ஒன்று, பூ வேலைப்பாட்டில் ஒன்று. அது கலியாண வீட்டுக்கு, நோயாளிக்கு எதற்கு என்றார். இன்னொன்று காற்றைவிடச் சத்தத்தைக் கூடத் தந்தது. அக்காவுக்கு நித்திரை குறைவு. ஒவ்வொன்றின் கீழும் போய் நின்று கண்ணை மூடிக் காது கொடுத்தார். கடைசியில், சுழல்கிறதா இல்லையா என்று நிமிர்ந்து பார்த்தால்தான் தெரியும் என்கிற மாதிரி ஒன்று அகப்பட்டது. கடையிலேயே விலை கூடியதும் அதுதான்.

“தாய்க்கும் இப்பிடிப் பாத்து வாங்கமாட்டாங்க சேர்” என்றான் நஸீர். இந்த முறை அவன் பகிடி விடவில்லை.

மறுநாளே பெட்டியோடு குருமண்வெளித் துறைக்குப் போய், பாதை என்கிற மிதவையில் ஏறி வாவியைக் கடந்தார். கூட்டிப்போன மின்வேலையாள் பூட்டி முடித்துவிட்டு ஆளியைப் போட்டதும் மின்விசிறி சத்தமில்லாமல் சுழன்றது. அக்கா அதையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். கண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. கனகசிங்கத்துக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளத் தெரியாமல் அடுத்த பாதைக்கு நேரமாகிறது என்று புறப்பட்டுவிட்டார்.

அடுத்த ஞாயிறு வழமையைவிட வெள்ளனப் போனார்.

மின்விசிறி நின்றிருந்தது. அறை அவிந்தது. அக்காவை நிமிர்த்தி இருத்தி, அவளுக்குப் பின்னால் கட்டிலிலேயே ஏறி இருந்தாள் ஆச்சிப்பிள்ளை. இருவர் முகத்திலும் வேர்வை ஓடியது.

கனகசிங்கத்துக்குத் தலைக்கேறிவிட்டது. மின்கட்டணம் நான்தானே கட்டுகிறேன், உனக்கென்ன நட்டம் என்று கேட்டார். நோயாளியின் சுகத்தைக் கண்டு எரிச்சல்படுகிற சனமும் ஊரில் இருக்கத்தான் செய்கிறது என்றார். அவள் வீட்டில் மின்விசிறி கிடையாது என்பதையும் மறக்காமல் குத்திக் காட்டினார். இவ்வளவையும் இலக்கணம் பிசகாமல் சொன்னார்.

ஆச்சிப்பிள்ளை இறங்கவில்லை. அவளுடைய விரல்கள் அக்காவின் தலைமயிரை வகிர்ந்துகொண்டிருந்தன. பெருவிரல் நகங்கள் இரண்டும் எதையோ வைத்து நெரித்தன.

“பேன் சுத்தினா எப்பிடி சேர் பேன் பாக்கிற? மயிரெல்லாம் பறக்குதே.”

அவர் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார்.

“அவக்குத் தலை ஒரே கடி. சொறியக் கை ஏலா. முதல்ல உங்களத்தானாம் கேட்ட. தலையக் காட்ட, நீங்க முகட்டப் பாத்திட்டு எழும்பிப் போயிட்டீங்களாம்.”

எழுதினால் இரண்டும் ஒரே சொல். ஆனால் அந்த ஆங்கிலப் பேனை அவர் வாழ்நாளில் எழுதியதில்லை. அடித்துத் திருத்தித்தான் பழக்கம். என்னவோ சொல்ல வாயெடுத்தார்.

அக்கா முந்திக்கொண்டாள். குழறிக் குழறி, ஒவ்வொரு சொல்லாய், ஆச்சிப்பிள்ளையிடம் சொன்னாள்:

“அவன ஒண்டும் சொல்லாத புள்ள. சின்னனில அவன்ட தலையில நான் பேன் பாக்கக்குள்ளயும், அருவருப்பில கண்ண மூடிக்கொண்டுதான் மடியில கிடப்பான்.”