முப்பத்தொன்றின் அறுபது மில்லி

முப்பத்தொன்றாம் எண் குரங்கின் ரத்தத்தில் ரம் ஒரு துளிகூட இல்லை என்று தாளில் இருந்தது.

டாக்டர் லிபர்ட் அதை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாம் முறை படித்தார். கண்ணாடியில் கோளாறு இல்லை.

நோட்டில் இருந்தது வேறு. தினம் காலை ஒன்பதுக்கு நாற்பது கூண்டுகளிலும் சர்க்கரைத் தண்ணீரில் கலந்த ரம் புட்டியை மாட்டுவார்கள். ஒரு மணிக்குக் கழற்றி, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று எழுத வேண்டும். முப்பத்தொன்று தினம் அறுபது மில்லி. ஒரு நாள் ஐம்பத்தெட்டு, மறுநாள் அறுபத்திரண்டு. பதினான்கு மாதமாக இதே ஒழுங்கு.

முதலில் நாற்பத்தாறு குரங்குகள் இருந்தன. முதல் மாதம் முழுக்கக் குடிக்க மறுத்த ஆறை அடுத்த கட்டடத்து ஆராய்ச்சிக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆறில் ஒன்றும் திரும்பவில்லை. அந்த ஆராய்ச்சி முடிந்து கட்டடத்தைப் பூட்டி இப்போது ஆறு மாதம் ஆகிறது.

மிச்ச நாற்பதில் தலைகுப்புற விழும்வரை குடிப்பவை உண்டு. மாலை வரை சண்டை போடுபவை உண்டு. முப்பத்தொன்று மட்டும்தான் கனவான் என்று டாக்டரே பல முறை சொல்லியிருக்கிறார். அளவாகக் குடிப்பவனின் மூளை எப்படி இருக்கும் என்று வியாழக்கிழமை திறந்து பார்ப்பதாக இருந்தது. அதற்கு முன் வழக்கமாக எடுக்கும் ரத்தத்தை, நேற்று ஒரு மணிக்குப் புட்டியைக் கழற்றிய கையோடு எடுத்திருந்தார்கள்.

அளந்து எழுதியது மிஸ் இடாலியா. வயது ஐம்பத்தெட்டு. மெத்தடிஸ்ட் சர்ச் பாடகர் குழுவில் முன் வரிசை.

அவளுக்கு முன்னால் ரம் அலமாரியின் சாவி கத்பர்ட்டிடம் இருந்தது. அப்போது நடந்த ஆராய்ச்சியில் பாதியைக் குரங்குகள் குடித்தன, பாதியைக் கத்பர்ட் குடித்தான். இரண்டு வாரச் சம்பளத்தைப் பிடித்துவிட்டுக் கூண்டு கழுவப் போட்டார்கள். ஊரில் ரம்மைத் தொடாத ஒரே ஆள் யார் என்று விசாரித்து, சாவியை இடாலியாவிடம் கொடுத்தார்கள். அது ஆகிறது பன்னிரண்டு வருஷம்.

கத்பர்ட் இப்போது கழுவுதொட்டிக்குப் பின்னால் குனிந்து எறும்புப் பொடி தூவிக்கொண்டிருந்தான். எவ்வளவு தூவினாலும் இரண்டு நாளில் எறும்பு திரும்ப வந்துவிடுகிறது என்று வாரா வாரம் புலம்புவான்.

டாக்டர் இடாலியாவைக் கூப்பிட்டார். "மிஸ் இடாலியா, புட்டி ஒழுகல. நானே பாத்துட்டேன். தினம் அறுபது மில்லி எங்க போச்சு?"

டாக்டரின் கேள்விக்கு இரண்டு பதில்கள்தான் இருக்க முடியும். இரண்டுக்கும் விதிப்புத்தகத்தில் இடம் உண்டு.

ஆள் வேண்டுமென்றே அளவை மாற்றியிருந்தால் நோட்டு முழுவதும் செல்லாது. ஆராய்ச்சியே ரத்து. பயனில்லாமல் போன நாற்பதையும் என்ன செய்வது என்பதற்கு ஒரே ஒரு வரி, ஊசியின் பெயரோடு.

ஆள் திருடிக் குடித்திருந்தால் இரண்டு வாரச் சம்பளம் போகும். அந்த ஒரு குரங்கின் பக்கத்தைக் கிழித்துவிட்டு, குரங்கை மலைச்சரிவில் குட்டி போட வளர்க்கும் கூட்டத்தோடு விட்டுவிடுவார்கள். அங்கே மாமரங்கள் இருக்கின்றன.

இடாலியா முப்பத்தொன்றைப் பார்த்தாள். அதன் மேல் அவளுக்குப் பிரியம். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"நான்தான் குடிச்சேன், டாக்டர்."

கத்பர்ட் பொடி டப்பாவைக் கீழே போட்டுவிட்டான்.

"அடேங்கப்பா! சர்ச்சுல முன் வரிசை, இங்க முதல் ரவுண்டா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா கம்பெனி குடுத்திருப்பேனே, மிஸ் இடாலியா!"

டாக்டர் சிரிக்கவில்லை. அதே சர்ச்சில் பதினெட்டு வருஷமாக அவளுக்கு மூன்று வரிசை பின்னால் உட்காருகிறவர் அவர்.

"உங்கமேல எனக்கு நம்பிக்கை இருக்கு. அதனால நீங்க சொல்றத நம்ப முடியல."

அலமாரியைத் திறந்து ரம்மை எடுத்தார். அன்றைக்கு இன்னும் கலக்கவில்லை. அளவுக் குவளையில் சரியாக அறுபது ஊற்றி அவள் முன்னால் வைத்தார்.

"குடிங்க, பாப்போம்."

இடாலியா குவளையை எடுத்தாள். இரண்டு மடக்கு. முகம் சுளிக்கவில்லை. இருமவில்லை. புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, குவளையைத் தட்டில் கவிழ்த்து வைத்தாள்.

டாக்டர் பெருமூச்சு விட்டார். 'திருட்டு' என்று எழுதி, முப்பத்தொன்றின் பக்கத்தைக் கிழித்தார். சாவிக்காகக் கையை நீட்டினார். அவள் கொடுத்துவிட்டாள்.

கத்பர்ட் அதற்குள் போனும் கையுமாக வாசலில் நின்றான். மத்தியானத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை முன் வரிசையில் ஓர் இடம் காலியாக இருக்கும்.

இருவரும் போன பிறகுதான் அவள் இருமினாள். தொண்டை எரிந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஐம்பத்தெட்டு வருஷத்தில் ரம் அவள் நாக்கில் பட்டது அதுதான் முதல் முறை. முகம் சுளிக்காமல் விழுங்குவது எப்படி என்று அவளுக்குக் காட்டித்தந்தவை பக்கத்துக் கூண்டுகளில் இருந்தன.

தொட்டிக்குப் பின்னால் எறும்புகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. பதினான்கு மாதமாகத் தினம் ஒரு மணிக்கு, அளப்பதற்கு முன், அவள் அறுபது மில்லியை அந்தத் தொட்டியில்தான் ஊற்றிவந்தாள். குடிக்க மறுத்த ஏழாவதாக முப்பத்தொன்று அடுத்த கட்டடத்துக்குப் போகவில்லை. நாளையிலிருந்து எறும்பு வராது. கத்பர்ட் பொடியைப் பாராட்டுவான்.

அவள் கூண்டருகே போய்க் குனிந்தாள். முப்பத்தொன்று கம்பி வழியாக மூக்கை நீட்டி அவள் வாயை முகர்ந்தது.

பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு கூண்டின் அந்தக் கோடிக்குப் போய்விட்டது.